ஏழாம் பாரம்

ஊசி என்று அவளுக்குப் பேர் வந்தது வேலையால் இல்லை, வாயால். புத்தகம் தைக்கிறவள் வேறொருத்தி. எதிர்மேசையில் நூலும் கையுமாக உட்கார்ந்திருப்பாள், அவளைத் தையல்காரி என்றே கூப்பிட்டார்கள். இவள் தாள் மடிக்கிறவள். முப்பத்துமூன்று வருஷமாக அந்தப் பைண்டிங் கடையின் ஜன்னலோர மேசை இவளுடையது. வயது அறுபத்தொன்று. புருஷன் போய் எட்டு வருஷம். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது, எண் மட்டும் தெரியும். தாள் மடிக்க எண் போதும்.

புத்தகம் புத்தகமாக அச்சடித்து வராது. பாய் மாதிரி விரிந்த ஒரு பெரிய தாளில் முன்னால் எட்டுப் பக்கம், பின்னால் எட்டுப் பக்கம் என்று பதினாறு பக்கத்தை அடித்து அனுப்புவார்கள். பாதிப் பக்கங்கள் தலைகீழாக நிற்கும். ஒன்றுக்குப் பக்கத்தில் இரண்டு இருக்காது. தாளை மூன்று முறை மடித்தால் எல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும். மடித்து முடித்ததற்குப் பேர் பாரம். பன்னிரண்டு பாரத்தை அடுக்கித் தைத்து அட்டை ஒட்டினால் ஒரு புத்தகம். அவ்வளவுதான் வித்தை.

கொஞ்ச காலமாக அந்தக் கடைக்குப் பெண்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதிய புத்தகங்களாக வந்துகொண்டிருந்தன. ஒரு நர்ஸ் எழுதினாள். தபாலாபீஸில் முத்திரை குத்தியே முப்பது வருஷம் கழித்தவள் எழுதினாள். மேடையில் பாடினவள் ஒருத்தி, புருஷனை விட்டு வந்தவள் ஒருத்தி. சிலர் கதையாக எழுதாமல் துண்டு துண்டாக, அம்மாவின் கைவளையல் பற்றி ஒன்று, தான் குடியிருந்த வீடுகள் பற்றி ஒன்று என்று கட்டுரைகளாக எழுதினார்கள். தையல்காரி அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். டீ வரும் நேரத்தில் எழுத்துக் கூட்டி அங்கங்கே வாசித்துக் காட்டுவாள்.

"எல்லாத்துலயும் ஒரு அம்மா வர்றா, ஒரு மாமியார் வர்றா. அப்புறம் ஒரு மழை பெய்யுது" என்பாள் தையல்காரி.

"பாத்திரம் கழுவுறவ வர்றாளா?"

"வர்றாக்கா. 'வேலைக்காரி காபி கொண்டுவந்தாள்' அப்படின்னு ஒரு வரி."

"குடிச்ச டம்ளரை யார் கழுவினாளாம்?"

"அதைப் போடலை."

"அப்ப அது பாதிக் கதைதான். மடி, வேலையைப் பாரு" என்பாள் ஊசி. இரண்டு பேரும் சிரிப்பார்கள். அதோடு சரி.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தச் சிரிப்பு நின்றது. அன்றைக்கு வந்த தாள்கட்டில் ஏழாம் பாரம் இருந்தது. ஊசி முதல் தாளை மேசைமேல் விரித்தாள். தொண்ணூற்றேழு என்று எண் போட்ட பக்கத்தில் ஒரு போட்டோ. ஒரு வீட்டுப் பின்கட்டு. நாற்காலி போட்டு, கையில் புத்தகத்தோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் குழாயடியில் குத்தவைத்து ஒருத்தி பாத்திரம் தேய்க்கிறாள். அவள் முகம் பாதிதான் விழுந்திருக்கிறது, மீதியைப் போட்டோவின் விளிம்பு தின்றுவிட்டது.

அந்தப் பாதி முகத்தை ஊசிக்குத் தெரியாதா? அது அவளுடையதுதான்.

நாற்காலியில் இருந்தவள் டீச்சர். ஊசி பதினெட்டு வயதிலிருந்து இருபத்தேழு வயது வரை, ஒன்பது வருஷம், வேலை செய்த வீடு அது. ஒரு நாள் டீச்சரின் தங்கச்சங்கிலி காணாமல் போனது. தலையணைக்கடியில் வைத்ததாக டீச்சர் சொன்னாள். அறையைப் பெருக்கியவள் ஊசி. போலீஸுக்கெல்லாம் போகவில்லை. வாசலில் நிற்கவைத்து, தெரு கேட்க, "எடுத்ததைக் குடுத்துட்டு மரியாதையாப் போயிடு" என்றாள் டீச்சர். குடுக்க இவளிடம் எதுவும் இல்லை, அதனால் மரியாதையும் இல்லாமல் போனாள். அதற்குப் பிறகு அந்த நாலு தெருவில் எந்த வீட்டுக் கதவும் அவளுக்குத் திறக்கவில்லை. அப்படித்தான் பைண்டிங் கடைக்கு வந்து சேர்ந்தாள்.

அதையெல்லாம்கூட அவள் தாங்கிக்கொண்டாள். புருஷன்தான் தாங்க முடியாமல் செய்துவிட்டான். அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுத்தியா என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் ஒரு அறை வைத்துவிட்டு, இல்லை என்று சொல்லியிருப்பாள். அவன் நல்லவன் மாதிரி சும்மா இருந்துவிட்டான். இருபத்தைந்து வருஷம் பக்கத்தில் படுத்து, பேப்பரை உரக்கப் படித்துக் காட்டி, சாகும்வரை கேட்காமலே இருந்தான். நம்பித்தான் கேட்கவில்லையா, நம்பாமல் கேட்கவில்லையா, அது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

இப்போது டீச்சர் தன் கதையை எழுதியிருக்கிறாள். போட்டோ இருக்கிறது, அப்படியானால் சங்கிலியும் இருக்கும். ஊசியைத் திருடி என்று அச்சடித்து, அதை ஊசியின் கையாலேயே ஐந்நூறு தடவை மடிக்கக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி?" என்றாள் தையல்காரி.

"ஒண்ணுமில்ல. தாள் மொறமொறன்னு இருக்கு."

தையல்காரியிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவளிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் தெருக்கோடி வரை போய்விடும். முதலாளியிடம் கேட்கலாமென்றால், நேற்றுவரை நம்பிப் பெட்டிச் சாவி கொடுத்தவன், நாளைக்கு ஒரு மாதிரி பார்ப்பான். அவள் மடித்தாள். ஒரு மடி, இரண்டு மடி, மூன்று மடி. ஒவ்வொரு தடவையும் அந்தப் பாதி முகம் உள்ளே போய் மறைந்தது, அடுத்த தாளில் மறுபடியும் வந்தது. அன்றைக்கு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலு தடவை எழுந்து தண்ணீர் குடித்தாள். தாகமே இல்லை.

அச்சு தொடங்கும்போது மை சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒரு பக்கம் மட்டும் அடித்துக் கழித்த தாள்கள் கட்டுக்கு மேலே கிடக்கும். வேஸ்ட் தாள் என்று பேர். மேசை துடைக்க, சாமான் சுற்ற, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் ஊசி ஒன்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மருமகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர்கள் கிறுக்குவதையே படிக்கிறவளுக்கு அச்செழுத்து எம்மாத்திரம். மகன் வேலையிலிருந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"இதைப் படி. போட்டோவுக்கு அப்புறம் வர்ற பக்கம்."

மருமகள் தாளைத் தரையில் விரித்து, அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "என்ன அத்தை இது, பாதி தலைகீழா நிக்குது. தொண்ணூத்தேழுக்கு அடுத்தது நூறுதான் இருக்கு."

"இருக்கிறதைப் படி."

மருமகள் படித்தாள். நூறாம் பக்கத்தில் சங்கிலி வந்தது. அம்மா போட்ட சங்கிலி, ஆறு பவுன், தலையணை, பெருக்கிய வேலைக்காரி. நூற்றொன்றில் வாசல், தெரு, கூட்டம். படிக்கப் படிக்க மருமகளின் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசி வரி இப்படி இருந்தது: "அவள் படியிறங்கிப் போன பிறகு, வாசலிலிருந்து பின்கட்டு வரை வீட்டைக் கழுவிவிடச் சொன்னேன்."

"அத்தை, இது..."

"அடுத்தது என்ன?"

"நூத்தி நாலு. அதுல அவங்களை ஹெட்மிஸ்ட்ரஸ் ஆக்கிட்டாங்க."

"ஆக்குவாங்க. வீட்டைக் கழுவினவளாச்சே. சுருட்டு அதை."

"நீங்க..." என்று மருமகள் ஆரம்பித்தாள்.

"நீயாவது கேளு. உங்க மாமா கேட்கலை. எடுத்தியான்னு கேளு."

மருமகள் கேட்கவில்லை. "காபி போடட்டுமா?" என்றாள். ஊசி எழுந்து வெளியே போய், தெரு விளக்குக் கம்பம் வரைக்கும் நடந்து திரும்பினாள். மறுபடியும் நடந்தாள். ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. மகன் வந்தபோது தாள் அடுப்புக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தது. அவனிடம் இரண்டு பேரும் எதுவும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பாரங்களைக் கோர்க்கும் நாள். நீள மேசையில் பன்னிரண்டு அடுக்கும் வரிசையாக இருக்கும். மேசையைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒன்று எடுத்துச் சேர்த்தால் ஒரு புத்தகத்துக்கான கட்டு. வேறு எந்த வேலையையும் அடுத்தவருக்குக் கொடுப்பாள், இதை மட்டும் கொடுக்க மாட்டாள். முப்பத்துமூன்று வருஷத்தில் ஒரு பாரம் விட்டுப்போனது என்று எந்தக் கடைக்காரனும் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது கிடையாது. அதுதான் அவளுக்கு இருந்த நகை.

அன்றைக்கு யாரும் வருமுன் வந்து, ஏழாம் அடுக்கை அப்படியே தூக்கி மேசைக்கடியில் வைத்து, மேலே கட்டுத்தாளைப் போட்டு மூடினாள். பிறகு நடக்க ஆரம்பித்தாள். ஆறு, எட்டு. ஆறு, எட்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஏழு இருந்த இடத்தில் கை தானாகக் கீழே போனது, வெறும் மேசையைத் தொட்டது. கை வெட்கப்பட்டது. காலை பத்து மணிக்குள் இருநூறு கட்டு சேர்த்துவிட்டாள்.

புத்தகம் படிக்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. மடித்த ஒவ்வொரு பாரத்தின் முதுகிலும் ஒரு சின்னக் கறுப்புக் கோடு இருக்கும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கீழே இறங்கி இருக்கும். பன்னிரண்டையும் சேர்த்து முதுகைப் பார்த்தால் கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்கும். ஒன்று விட்டுப்போனால் படி உடைந்திருக்கும். தைத்து அட்டை ஒட்டினால் அது மறைந்துவிடும். தைக்கிறவள் கண்ணுக்கு மட்டும் மறையாது.

தையல்காரி முதல் கட்டை எடுத்தாள், முதுகைப் பார்த்தாள், வைத்தாள். இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"அக்கா, படி உடைஞ்சிருக்கு."

"உன் கண்ணு உடைஞ்சிருக்கும்."

"எல்லாத்துலயும் ஒரே படியா உடையும்? ஏழு எங்க?"

ஊசி பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததைத் தையல்காரி அதற்கு முன் பார்த்ததில்லை. குனிந்தாள், கட்டுத்தாளை விலக்கினாள், ஒரு பாரத்தை உருவினாள். அதன் மேல்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் போட்டோவுல இருக்கிறது..." என்றாள்.

"நான்தான். திருடி. நூத்தியொண்ணாம் பக்கத்துல போட்டிருக்கா. என் மருமக படிச்சுட்டா. தெருவுல போய்ச் சொல்லணும்னா இப்பவே போ, செருப்பு வாசல்ல இருக்கு."

தையல்காரி போகவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாரத்தைப் பிரித்து எழுத்துக் கூட்டினாள். நூறு, நூற்றொன்று. புரட்டினாள். அவள் உதடு அசைவது நின்றது.

"உங்க மருமக எதுல படிச்சா?"

"வேஸ்ட் தாள்ல."

"அக்கா. வேஸ்ட் தாள்ல ஒரு பக்கம்தான் அடிச்சிருக்கும். நூத்திரெண்டும் நூத்திமூணும் அதுக்குப் பின்னால வரணும். இதை எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே."

ஊசி அவளைப் பார்த்தாள். லட்சம் தாள் மடித்த கை. அச்சுக்கடைக்கே வராதவள்கூடச் செய்யாத பிசகு. கோபம் வந்த கண்ணுக்குத் தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததே தெரியவில்லை.

"படி" என்றாள்.

தையல்காரி மெதுவாகப் படித்தாள். ஏழு மாதம் கழித்து டீச்சர் தலையணையைப் பிரித்துப் பஞ்சடிக்கக் கொடுத்தாள். சங்கிலி பஞ்சுக்குள் கிடந்தது. உறை கிழிந்த வழியாக உள்ளே போயிருக்கிறது. டீச்சர் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்று வாசலில் கத்தினதற்கு முகத்தை எங்கே வைப்பது என்று பயந்தாள். நூற்று மூன்று இப்படி முடிந்தது: "அவள் எங்கே போனாள் என்று தெரியவில்லை. இன்று இருக்கிறாளோ இல்லையோ. என்றாவது இதைப் படிக்க நேர்ந்தால், அவள் என்னை மன்னிக்கட்டும்."

"பாத்தீங்களா, தப்பை ஒத்துக்கிட்டாங்க. நல்லா எழுதியிருக்காங்க. எனக்கே அழுகை வருது" என்றாள் தையல்காரி.

"உனக்கு வரும். நீ அந்த வீட்ல பெருக்கலையே." ஊசிக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கே போனாள்னு தெரியலையா? அவ மருந்து வாங்குறதே என் மருமககிட்டத்தான். படிக்க நேர்ந்தாலா? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு அவளுக்குத் தெரியாதா? ஒன்பது வருஷம் அவ கண்ணு முன்னால இருந்தேன். ஊரான் பிள்ளைக்கெல்லாம் எழுத்து சொல்லிக்குடுத்தா, எனக்கு ஒரு எழுத்து சொல்லிக்குடுக்கலை. இப்ப மன்னிப்பைக் கொண்டுபோய் எனக்கு எட்டாத இடத்துல வச்சிருக்கா."

பிறகு எழுந்தாள். ஏழாம் அடுக்கைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். இருநூறு கட்டையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் ஏழை வைத்தாள். சாயங்காலம் வரை ஆனது. தையல்காரி உதவிக்கு வந்தபோது, "என் பிசகு, நானே எடுக்கிறேன்" என்று விரட்டினாள். முதலாளி கேட்டபோது, "எண்ணிக்கை தப்பிடுச்சு தம்பி, சரி பண்றேன்" என்றாள். அவன் நம்பவில்லை, ஆனால் அவள் வாய்க்குப் பயந்தவன், போய்விட்டான். தெருக்கோடி வரைக்கும் எதுவும் போகவில்லை. தையல்காரி அந்த ஒரு தடவை வாயையும் தைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை டீச்சரே கடைக்கு வந்தாள். ஞாயிறு மதியம் புத்தகம் வெளியிடக் கூட்டம். அதற்கு முன்னால் கையில் ஒன்று எடுத்துப் பார்க்க ஆசை. எழுபத்தாறு வயது, கையில் தடி. முதலாளி நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அட்டை ஒட்டி அமுக்கி வைத்திருந்த அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். டீச்சர் அதை மோந்து பார்த்தாள், அட்டையைத் தடவினாள்.

"ரொம்ப நேர்த்தியா இருக்கு. யார் மடிச்சது?"

"நான்தான் டீச்சர்" என்று ஊசி ஜன்னலோரத்திலிருந்து எழுந்து வந்தாள்.

டீச்சர் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"நூத்திமூணாம் பக்கத்துல நான் எங்க இருக்கேன்னு தெரியலைன்னு எழுதியிருக்கீங்களாமே. முப்பத்துமூணு வருஷமா இந்த ஜன்னல்கிட்ட இருக்கேன். நீங்க காய்கறி வாங்குற கடைக்கு அடுத்த தெரு."

முதலாளி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். டீச்சர் தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "ரோட்ல உன்னை ரெண்டு மூணு தடவை பாத்திருக்கேன். வாய் வரலை" என்றாள்.

"எழுத மட்டும் கை வந்துச்சா?"

"இருக்கான்னு எழுதினா, ஏன் போய்ப் பாக்கலைன்னு படிக்கிறவங்க கேப்பாங்க. தெரியலைன்னு போட்டா அந்த இடம் நல்லா முடிஞ்சுது."

"உங்களுக்கு முடிஞ்சுது. எனக்கு முடியலையே."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குக் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் சொல்றேன். நீயும் வா. மேடையில உட்கார வைக்கிறேன்."

"மேடையெல்லாம் எனக்கு எதுக்கு, முட்டி மடங்காது. கூட்டத்துல பேசுறதைக் கேட்டுட்டுக் கையைத் தட்டிட்டுப் போயிடுவாங்க. புத்தகம்தான் வீட்டுக்குப் போகும்." ஊசி முதலாளி பக்கம் திரும்பினாள். "தம்பி, அந்தத் தபாலாபீஸ் அம்மா புத்தகத்துல வருஷம் தப்பாப் போச்சுன்னு ஒரு சீட்டு அடிச்சு முதல் பக்கத்துல ஒட்டினோமே, என்ன அது?"

"பிழைதிருத்தம். ஆனா இப்ப எங்கக்கா நேரம்? கூட்டம் நாளைக்கு."

"இங்க இருக்கிற சின்ன அச்சு மிஷின்ல ஓட்டினா ஒரு மணி நேரம். ஒட்டுறது என் பொறுப்பு. தப்பு இருந்தா திருத்திட்டுத்தானே அனுப்புவோம். டீச்சர், நீங்க சொல்லுங்க, அது தப்பா இல்லையா?"

டீச்சர் புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்தைத் தடவினாள். அது சின்ன விஷயமில்லை அவளுக்கு. முதல் பக்கத்தைத் திறக்கிறவர்கள் எல்லாம் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். கடைசியில் கையை நீட்டினாள். "பேனா குடுங்க" என்றாள்.

எழுதியதை வாய்விட்டுப் படித்தாள். அதில் காலம், காயம், மன்னிப்பு எல்லாம் வந்தது. ஊசி வேண்டாமென்று தலையாட்டினாள். "அந்த மன்னிப்பை எடுங்க. அதுக்கு உள்ள ஒரு பக்கம் குடுத்துட்டீங்க. அது உங்களுக்கும் எனக்கும் அப்புறமா. இதுல நடந்தது மட்டும் இருந்தா போதும்."

மூன்று தடவை அடித்து எழுதிய பிறகு நாலு வரி தேறியது:

"பக்கம் 103இல் 'அவள் எங்கே போனாள் என்று தெரியவில்லை' என்று இருப்பது தவறு. அவள் இதே ஊரில் இருக்கிறாள். அவள் சங்கிலியை எடுக்கவில்லை. இந்தப் புத்தகத்தை மடித்தவள் அவள்தான்."

டீச்சர் போகும்போது வாசற்படியில் நின்று, "வீட்டுக்கு ஒரு நாள் வர்றியா?" என்று கேட்டாள்.

"கழுவிவிட்ட வீடாச்சே" என்றாள் ஊசி. கொஞ்சம் பொறுத்து, "பாக்கலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்நூறு சீட்டையும் அவளே ஒட்டினாள். தையல்காரி புத்தகத்தைத் திறந்து நீட்ட, இவள் ஓரத்தில் பசை தொட்டு, வைத்து, உள்ளங்கையால் ஒரு அழுத்து. ஒன்றுகூடக் கோணவில்லை. பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. மீந்த பத்துச் சீட்டில் ஒன்றை எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சங்கிலிக் கதையைத் தெரு வாயிலேயே கேட்டு வளர்ந்த மகன் வீட்டில் இருந்தான். சீட்டை வாங்கிப் படித்தான். இரண்டாம் தடவையும் படித்தான். மருமகள் அவனுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"அப்பாவுக்குத் தெரியும்மா. நீ எடுக்கலைன்னு" என்றான்.

"உன்கிட்ட சொன்னாரா?"

"சொன்னதில்ல."

"அப்ப உனக்கும் தெரியாது. குடு இங்க."

சீட்டைப் பிடுங்கிக்கொண்டு புருஷனின் போட்டோவுக்கு முன்னால் போய் நின்றாள். சட்டத்தின் பின்கட்டையைக் கழற்றினாள். எழுத்து அவன் முகத்தைப் பார்க்கும்படி சீட்டைப் பின்னால் வைத்தாள். எது தலை எது கால் என்று ஒரு நொடி தடுமாறினாள், பிறகு 103ஐக் கண்டுபிடித்து அதை மேலே வைத்தாள். கட்டையை மாட்டி, போட்டோவைச் சுவரில் தொங்கவிட்டாள். இரண்டு தடவை நேராக்கினாள்.

"கேட்கத்தான் வாய் வரலை. படிக்கத் தெரியுமில்ல, படிங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு, பசை காய்ந்த கையைக் கழுவக் குழாயடிக்குப் போனாள்.